விட்ட தொழிலைத் திரும்பத் தொடுதல்: பற்சுகாதாரப் பணிக்கு மீள்பவர்களுக்கான பயிற்சி



முன்பொரு முறை எமது தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் சலரோகம் பற்றி ஒரு சிறு கருத்தரங்கு நடத்தியிருந்தோம். கூட்டம் கலைந்து நாங்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் எமது பள்ளியில் படிப்பவர்கள். "அண்ணா, சலரோகக்காரருக்கு முரசு வருத்தம் கெதியா வரும் எண்டு சொன்னியள். நான் அந்த வேலைதான் செய்தனான். ஹைஜீனிஸ்ட். மூத்தவன் பிறக்கேக்க, 2010இல விட்டது. இப்ப திரும்பப் போகலாம் எண்டு ஒரு யோசினை. ஆனா கை சொல்லுக் கேக்குமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார்.

இந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. அதைப் பின்னர் சொல்கிறேன். அவரைப் போலவே பல்மருத்துவத் துறையில் படித்துவிட்டு, பிள்ளை வளர்ப்பு, பெற்றோர் பராமரிப்பு, சுகயீனம் என்று ஏதோ ஒரு காரணத்தால் தொழிலை விட்டு வீட்டில் இருப்பவர்கள் எம்மவர் மத்தியில் இருக்கிறார்கள். ஆகவே இம்முறை மருத்துவப் பக்கத்தை அவர்களுக்காக ஒதுக்கியுள்ளேன். தன்னுடைய அனுபவத்தை எழுத அந்தச் சகோதரி சம்மதித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நான் பல் வைத்தியன் அல்லன், ஒரு ஜி.பி. ஆனால் பல்லும் இந்த உடம்பில்தான் இருக்கிறது. தவிரவும், திரும்பிப் போகும் ஹைஜீனிஸ்டை மிகவும் தடுமாற வைப்பது நோயாளிகள் கொண்டுவரும் மருந்துப் பட்டியல். அந்தப் பட்டியலை எழுதுபவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். தொழிலோடு சம்பந்தமில்லாதவர்களும் தொடர்ந்து வாசியுங்கள். அந்தக் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு படுப்பவர்கள் நாங்கள்தானே.

யார் இந்த ஹைஜீனிஸ்ட்?

எம்மவர் பலர் "பல்லுக் கிளீன் பண்ணுற பிள்ளை" என்றே சொல்வார்கள். அது பாதி உண்மை. முரசின் நிலையை அளத்தல், பல்லின் மேலும் முரசுக்குக் கீழும் இறுகிய காரையை அகற்றுதல், விறைப்பு ஊசி போடுதல், புளோரைட் பூசுதல், எக்ஸ்ரே எடுத்தல், வாய்ப் புற்றுநோயின் அறிகுறி உண்டா என்று பார்த்தல், சரியாகத் துலக்கக் கற்பித்தல் என அவர்களுடைய வேலை விரிந்தது. மகரகமையில் பயிற்சி பெற்று ஊரில் எமது பாடசாலைகளுக்கு வந்த பல் சிகிச்சையாளர்களைச் சிலர் நினைவு வைத்திருப்பீர்கள். (அவர் வரும் நாளில் கிணற்றடிப் பக்கம் ஒளித்தவர்களில் நானும் ஒருவன்.) பிள்ளைகளின் பல்லை அடைப்பதும் பிடுங்குவதும் அவர்கள் வேலை, இங்கே அதற்கு நெருக்கமானவர் டென்டல் தெரபிஸ்ட். ஹைஜீனிஸ்டின் களம் பெரும்பாலும் முரசு.

பிரித்தானியாவில் இத்தொழில் 1943இல், போர்க்காலத்தில், விமானப்படையில் தொடங்கியது. நெடுங்காலமாகப் பல் வைத்தியர் பரிசோதித்து எழுதிக் கொடுத்ததையே ஹைஜீனிஸ்ட் செய்யலாம் என்ற விதி இருந்தது. 2013 மே மாதத்திலிருந்து, பல் வைத்தியரை முதலில் காணாமலே நேரடியாக ஹைஜீனிஸ்டிடம் போக வழி திறக்கப்பட்டது. 2010இல் விட்டவருக்கு இது சிறிய மாற்றம் அல்ல. முன்பு தனக்கு முன்னால் இன்னொருவர் அந்த வாயைப் பார்த்திருப்பார் என்ற ஆறுதல் இருந்தது. இப்போது முதலில் பார்க்கும் கண் அவருடையதாகவே இருக்கலாம்.

பதிவும் பத்திரங்களும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுப் பல்மருத்துவ மன்றத்தின், அதாவது ஜி.டி.சி.யின், பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்த நாட்டில் ஹைஜீனிஸ்டாக வேலை செய்வது சட்டப்படி குற்றம். பதிவை வருடாவருடம் ஜூலை முடிவுக்குள் புதுப்பிக்கவேண்டும். 2018 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு ஹைஜீனிஸ்ட் 5 வருடச் சுற்றில் குறைந்தது 75 மணித்தியாலத் தொடர்கல்வியைச் சான்றுகளுடன் காட்டவேண்டும். அடுத்தடுத்த எந்த 2 வருடங்களை எடுத்தாலும் அவற்றில் 10 மணித்தியாலமாவது இருக்கவேண்டும். அதற்கு முந்திய விதியில் 150 மணித்தியாலம், அதில் 50க்குத்தான் சான்று வேண்டும். பத்திரிகை வாசித்ததையும் முன்பு எழுதலாம். இப்போது சான்று இல்லாதது கணக்கில் வராது.

பலர் தவறவிடும் ஒன்று: வேலை செய்யாமல் பதிவை மட்டும் வைத்திருந்தாலும் இந்த மணித்தியாலங்கள் கட்டாயம். பிரசவ விடுமுறையும் விலக்கு அல்ல. எமது சகோதரி, வேலையில்லாமல் ஏன் வருடாவருடம் காசு கட்டுவான் என்று நினைத்து 2012இல் பதிவை விட்டுவிட்டார். அப்படி விட்டவர்கள் மீள்பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். அப்போது தொடர்கல்விச் சான்றுகள், நன்னடத்தை, உடல்நிலை பற்றிய பத்திரங்கள், தொழில் காப்புறுதி எல்லாம் கேட்கப்படும். ஆகவே பயிற்சிக்குக் காசு கட்டுமுன் விண்ணப்பப் படிவத்தை எடுத்து முழுவதும் வாசியுங்கள். அவர் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டி முடித்த பின்புதான் அதன் சான்றிதழில் இருக்கவேண்டிய விபரங்கள் இல்லை என்று கண்டுபிடித்தார்.

ஊரிலோ இந்தியாவிலோ பல்மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பட்டத்தைக் காட்டி இங்கே ஹைஜீனிஸ்டாகவோ தெரபிஸ்டாகவோ பதிய விண்ணப்பிக்கும் வழி முன்பு இருந்தது. பேராதனையில் படித்துவிட்டு வந்த சிலர் அவ்வழியில் வேலைக்குப் போனார்கள். 2023 மார்ச் 8இல் அந்த வழி மூடப்பட்டது. இன்னமும் அதை நம்பிக் காசு கேட்பவர்கள் இருந்தால் கவனம்.

கை மறந்த கதை

இனி என் கதை. நான் யாழ் மருத்துவ பீடத்தில் படித்தவன். 1995 இடப்பெயர்வில் புத்தகங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனவர்களில் ஒருவன். பட்டம் பெற்று, அகதியாக இங்கு வந்து, பிளாப் பரீட்சைகள் எழுதி, பதிவு கிடைத்து, முதல் வேலையில் சேர 6 வருடங்கள் போயின. அந்த 6 வருடங்களில் பெரும்பகுதி இரவுகளில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கழிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மருத்துவப் புத்தகம் வாசித்தேன். பாடம் மறக்கவில்லை, பரீட்சைகளும் சித்தி.

முதல் இரவுக் கடமையில் ஒரு முதிய பெண்மணிக்கு இரத்தம் எடுக்கவேண்டியிருந்தது. ஊரில் குப்பி விளக்கு வெளிச்சத்திலும் நாளம் பிடித்த கை இது. மூன்று முறை குத்தினேன், கிடைக்கவில்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் நான்காவது தடவைக்கு ஊசியை எடுத்தேன். வெட்கம்தான் காரணம். கடமையிலிருந்த மூத்த தாதி, ஜமெய்க்கா நாட்டவர், என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவரே எடுத்தார். அடுத்த நாள் மத்தியானம் பயிற்சி அறைக்குக் கூட்டிப்போய், ஒரு றப்பர்க் கையின் முன் என்னை இருத்தினார். ஒரு கிழமை, சாப்பாட்டு வேளைகளில். அவ்வளவுதான், கை திரும்பியது.

ஆனால் அந்த நான்காவது ஊசியை நான் இன்றும் நினைப்பதுண்டு. பதிவு என் பெயரில் இருந்தது, சான்றிதழ்கள் இருந்தன, "எனக்குக் கை பழக்கம் விட்டுப்போயிற்று, யாராவது பக்கத்தில் நில்லுங்கள்" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதற்கான விலையை அந்த அம்மாவின் கை கொடுத்தது.

ஆகவேதான் அந்தச் சகோதரியிடம் சொன்னேன்: 75 மணித்தியாலமும் கணினித் திரைக்கு முன்னால் இருந்தே சேர்த்துவிடலாம், அதில் பிழையில்லை, ஆனால் திரையைப் பார்த்துக் கை பழகாது. ஜி.டி.சி. தன் வழிகாட்டலில் கேட்பது, செய்யும் வேலைக்குப் பயிற்சி, திறமை, காப்புறுதி மூன்றும் இருக்கவேண்டும் என்பது. பயிற்சி அன்று பெற்றது. திறமை இன்று இருக்கவேண்டும். அது இருக்கிறதா என்று முதலில் கேட்கவேண்டியவர் நீங்களே.

இடையில் மாறியவை

முதலாவது, முரசு நோயின் பெயர்களே மாறிவிட்டன. 2004இல் அவர் படித்தபோது "நாட்பட்ட", "தீவிர" என்று இரண்டு வகையாகப் பிரித்தார்கள். 2017இல் கூடிய உலக மாநாட்டின் முடிவுப்படி அந்தப் பிரிப்பு கைவிடப்பட்டது. இப்போது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை நிலை. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு ஏ, பி, சி என்று தரம். பிரித்தானியாவில் தரத்தைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. மிகவும் பாதிக்கப்பட்ட பல்லின் வேரைச் சுற்றி எத்தனை வீதம் எலும்பு கரைந்துள்ளது என்று எக்ஸ்ரேயில் பார்த்து, அதை வயதால் பிரிப்பது. 40 வயதுக்காரருக்கு 60 வீதம் கரைந்திருந்தால் 1.5, ஒன்றுக்கு மேல், ஆகவே சி, வேகமான நோய். 70 வயதுக்காரருக்கு 30 வீதம் என்றால் 0.43, அரைக்குக் கீழே, ஆகவே ஏ, மெதுவானது. இந்தக் கணக்கு வகுப்பில் சொல்லித்தந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்ததாம். பழைய வகைப்படுத்தலைப் பாடமாக்க எத்தனை இரவு விழித்திருந்தேன் என்றார்.

இரண்டாவது, சீனியின் அளவு. எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சீனிச் சோதனையை முன்பு வீதத்தில் சொன்னோம்: 7, 8, 9 என்று. 2011 ஒக்டோபரிலிருந்து இந்நாட்டில் புதிய அலகில் மட்டுமே முடிவு தருகிறோம். பழைய 7 வீதம் இப்போது 53. பழைய 9 வீதம் இப்போது 75. "என்ர சீனி 75" என்று ஒரு ஐயா கதிரையில் இருந்து சொன்னால், அது நல்லதா கெட்டதா என்று ஹைஜீனிஸ்டுக்குத் தெரியவேண்டும். கட்டுப்பாடில்லாத சலரோகத்தில் முரசு வேகமாகக் கெடும். கெட்ட முரசு சீனியையும் ஏற்றும். 2022இல் நைஸ் நிறுவனம் தன் வழிகாட்டலில் இதைச் சேர்த்தது. சலரோகக்காரருக்கு முரசு நோய் வரும் ஆபத்து அதிகம், அதைக் குணப்படுத்தினால் சீனிக் கட்டுப்பாடு மேம்படலாம் என்று நாங்கள் நோயாளிக்குச் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால், வருடாந்தப் பரிசோதனையில் காலைப் பார்க்கிறோம், கண்ணுக்கு அனுப்புகிறோம். வாயைப் பற்றிக் கேட்க நானே பல தடவை மறந்திருக்கிறேன்.

மூன்றாவது, குளிசைகள். இதில்தான் நான் அவருடன் இரண்டு மாலை நேரம் இருந்தேன். 2010இல் இரத்தம் உறையாமல் இருக்க எடுப்பது என்றால் பெரும்பாலும் வார்பரின். மஞ்சள் புத்தகத்தைப் பார்த்து, ஐ.என்.ஆர். 4க்குக் கீழே இருக்கிறதா என்று சரிபார்த்துவிடலாம். இப்போது அபிக்சபான், ரிவரொக்சபான் என்ற புதிய குளிசைகளை ஏராளமானோர் எடுக்கிறார்கள். அவற்றுக்கு மஞ்சள் புத்தகமும் இல்லை, பார்க்க ஐ.என்.ஆரும் இல்லை. நோயாளி சொன்னால்தான் தெரியும். (வாசகர்களுக்கு: பல்லுக்குப் போகிறேன் என்று இந்தக் குளிசைகளை நீங்களாக நிறுத்தவேண்டாம். கேட்டுச் செய்யுங்கள்.) பிரஷருக்கு எம்மவர் பலர் எடுக்கும் அம்லோடிபின் சிலருக்கு முரசைத் தடிக்க வைக்கும். அதை ஊத்தையால் வந்த வீக்கம் என்று மட்டும் நினைத்து நோயாளியைப் பேசுவதில் பயனில்லை. எனக்கு ஒரு கடிதம் போட்டால் குளிசையை மாற்றிப் பார்க்கலாம்.

எலும்புத் தேய்வு மருந்துகள் இன்னொரு சிக்கல். கிழமைக்கு ஒருநாள் வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்கும் அலென்ட்ரோனிக் குளிசையை எமது அம்மாமார் பலர் அறிவார்கள். இவ்வகை மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமற் போகலாம் என்பது முதன்முதலில் 2003இல் எழுதப்பட்டது. அரிது, ஆயினும் பல் பிடுங்குமுன் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். இப்போது 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. சகோதரி ஒரு நிலையத்தில் அவதானிப்பாளராக நின்றபோது, ஒரு வயோதிப அம்மா தன் மருந்துகளாக இரண்டு குளிசைகளைச் சொன்னார். இவர் தமிழில், "அம்மா, ஊசி ஏதும் போடுறவையோ?" என்று கேட்டார். "ஓம் பிள்ளை, ஆறு மாசத்துக்கு ஒருக்கா நேர்ஸ் எலும்புக்குப் போடுறவ. அது மருந்தில்லைத்தானே, ஊசியெல்லோ" என்று பதில் வந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் பிடுங்குவதாக இருந்தது. பல் வைத்தியர் திகதியைத் தள்ளிவைத்து எனது சக ஜி.பி. ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தார். அன்றுதான், இந்த வேலைக்கு நான் இன்னும் ஆள்தான் என்று முதலில் தோன்றியது என்றார்.

இன்னும் முந்தி விட்டவர்களுக்கு: இதய வால்வு பழுதுபட்டவர்களுக்குச் சிகிச்சைக்கு ஒரு மணித்தியாலம் முன் 3 கிராம் அமொக்சிசிலின் கொடுக்கும் வழக்கம் 2008 மார்ச்சில் நைஸ் அறிவித்தலோடு நின்றது. 2016இல் "வழமையாக" வேண்டாம் என்று அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். அதாவது மிக ஆபத்தான சிலருக்கு இதய வைத்தியருடன் பேசி முடிவெடுக்கலாம்.

2013இல் வந்த கூரிய கருவிகள் பற்றிய சட்டத்தின் பின், பாவித்த ஊசிக்கு இரு கையாலும் மூடி போடும் பழக்கம் கைவிடப்படவேண்டியது. அந்தப் பழக்கம் மறந்துபோயிருந்தால் நல்லது. மறக்கவேண்டியது மறக்காமல் இருப்பதும் மீள்வோரின் பிரச்சினைதான். கோவிட் காலத்தில் இங்கிலாந்தில் 2020 மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை வழமையான பல் சிகிச்சை நிறுத்தப்பட்டிருந்தது. நீரைத் தெளிக்கும் அதிர்வுக் கருவியால் எழும் நுண்துளிகளைப் பற்றி எல்லோரும் புதிதாக யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். கடைசியாக, 2024 ஜூன் 26இலிருந்து விறைப்பு ஊசி, அதிக புளோரைட் உள்ள பற்பசை போன்ற சில மருந்துகளை உரிய பயிற்சி பெற்ற ஹைஜீனிஸ்ட் பல் வைத்தியரின் எழுத்தின்றியே வழங்கலாம். "உரிய பயிற்சி" என்ற சொற்களைக் கவனியுங்கள். 2010க்கு முந்திய சான்றிதழ் இதற்குப் போதாது.

கையைப் பழக்குதல்

மீள்பயிற்சி வகுப்புகளைப் பல்மருத்துவக் கல்லூரிகளும் என்.எச்.எஸ். பயிற்சிப் பிரிவுகளும் நடத்துவதுண்டு. எல்லா இடத்திலும் எல்லா வருடமும் இராது, கேட்டுக் காத்திருக்கவேண்டும். 1949இல் தொடங்கிய ஹைஜீனிஸ்டுகளின் சங்கத்தில் சேர்ந்தால் செய்தி கிடைக்கும். வகுப்பைத் தெரிவுசெய்யும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எத்தனை மணித்தியாலம் கருவியைக் கையில் பிடிப்பேன்? விரிவுரை மட்டும் என்றால் அதை வீட்டிலிருந்தே கேட்கலாம். பொம்மைத் தலையில் வேலை செய்ய விடுவார்களா, செய்வதை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்துவாரா என்பவைதான் காசுக்குரிய விடயங்கள்.

அவருடைய முதல் நாளில் கை நடுங்கியது. கூர்மையற்ற கருவியால் காரையை எடுக்க முயன்று, வலுவைப் போட்டு, பொம்மையின் றப்பர் முரசைக் கிழித்துவிட்டார். கற்பித்தவர் சொன்னாராம், முதலில் கருவியைத் தீட்டு, பிறகு கையைக் குறை சொல்லு என்று. தீட்டுவதுதான் முதலில் மறந்துபோகும் வேலை போலிருக்கிறது.

இன்னொன்று, அளக்கும் கம்பியின் அழுத்தம். நுனியில் 0.5 மில்லிமீற்றர் குமிழும், 3.5 முதல் 5.5 மில்லிமீற்றர் வரை கறுப்புப் பட்டையும் உள்ள அந்தக் கம்பியை முரசுக்கும் பல்லுக்கும் இடையே 20 முதல் 25 கிராம் அழுத்தத்தில்தான் இறக்கவேண்டும். கூடினால் நோயாளிக்கு நோகும், இல்லாத ஆழத்தையும் காட்டும். குறைந்தால் இருக்கும் நோய் தெரியாது. கறுப்புப் பட்டை முழுவதும் மறைந்தால் பள்ளம் 6 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல், குறியீடு 4. அரைகுறையாக மறைந்தால் 3. இந்த 25 கிராமைப் பழக அவர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கேக்குக்கு மா நிறுக்கும் மின்தராசைக் குசினி மேசையில் வைத்து, பழைய கம்பியால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி, கண்ணைத் திறந்து எண்ணைப் பார்ப்பது. முதல் நாள் 60, 70 என்று காட்டியது. மூன்றாம் கிழமையில் இரண்டு பிள்ளைகளும் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

பதிவு வருமுன் நோயாளியைத் தொடமுடியாது. ஆனால் நிலையத்தார் சம்மதித்தால் நின்று பார்க்கலாம். அவர் ஆறு வெள்ளிக்கிழமைகள் நின்றார். சம்பளம் இல்லை. இதைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம். நானும் அப்படி வைத்தியசாலையில் நின்றவன்தான். பதிவு வந்தபின் முதல் இரண்டு மாதம் ஒரு நோயாளிக்கு வழமையைவிடக் கூடிய நேரம் கேளுங்கள். முப்பது நிமிடத்தில் ஒருவரை முடிக்கச் சொல்லும் இடம் அந்த நாட்களுக்கு உகந்தது அல்ல. வேலை கொடுப்பவர் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

மயங்கி விழுந்தவருக்கு உதவும் பயிற்சி ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டியது. அதிர்ச்சி ஒவ்வாமைக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தசையில், நெஞ்சுவலிக்கு அஸ்பிரின் 300 மில்லிகிராம் என்பவை யோசிக்காமல் வாயில் வரவேண்டும். எமது ஆட்களிடம் அடிக்கடி நடப்பது, காலையில் சீனிக் குளிசையைப் போட்டுவிட்டு "பல்லுக்குப் போறன், சாப்பிடக் கூடாது" என்று பட்டினியோடு வந்து கதிரையில் வியர்த்துச் சரிவது. விறைப்பு ஊசிக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை என்று நீங்களும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

உடம்பையும் பாருங்கள். கழுத்து, நாரி, மணிக்கட்டு வலியால் இத்தொழிலை விட்டவர்கள் உண்டு. அந்த வலி இருந்தால் வேலை தொடங்குமுன் உங்கள் ஜி.பி.யிடம் காட்டுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் பலன் இரத்தச் சோதனையில் நிரூபிக்கப்பட்டிருக்கவேண்டும். பழைய பத்திரம் தொலைந்திருந்தால் இதற்கும் சில கிழமைகள் எடுக்கும்.

வீட்டாருக்கு

அந்தச் சகோதரியின் பயத்தில் பாதி கையைப் பற்றியது, மற்றப் பாதி வீட்டைப் பற்றியது. பாரிசவாதம் வந்த மாமியாரை ஐந்து வருடம் பார்த்தவர் அவர். "இனி என்னத்துக்குப் படிப்பு, வயசும் நாப்பத்தைஞ்சாச்சு" என்று உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார். கணவர் எதிர்க்கவில்லை, ஆனால் மாலை வகுப்பு நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் வந்தது. கடைசியில் அதற்குப் பதில் கண்டுபிடித்தது மூத்த மகன். புட்டு அவிக்கப் பழகிக்கொண்டான். முதல் புட்டு கட்டியாக வந்ததாம்.

எமது சமூகத்துக்கு இவரைப் போன்றவர்கள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். பாக்கை, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2003இல் அறிவித்தது. "புகைப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் எமது ஆச்சிமார் "நோ" என்பார்கள், அது உண்மைதான். "வெத்திலை போடுவியளோ ஆச்சி?" என்று கேட்கத் தெரிந்தவர் கன்னத்தின் உட்புறத்தை வேறு கண்ணால் பார்ப்பார். வெள்ளைப் படலம், வாய் முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம், மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண் என்பவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் காட்டவேண்டும்.

சகோதரி இப்போது கிழமைக்கு இரண்டு நாள் வேலை செய்கிறார். மணித்தியாலங்களைச் சேர்த்து, பத்திரங்கள் சரிவந்து, இந்த இடத்துக்கு வர ஒன்றரை வருடம் எடுத்தது. சென்ற மாதம் நானும் அவருடைய நிலையத்துக்குப் போனேன். நான்கு வருடம் பல்லைக் காட்டாத வைத்தியன் இந்தக் கட்டுரையை எழுத வெட்கமாக இருந்தது. அவரிடம் போகவில்லை, அவருடைய சக ஊழியரிடம்தான். அறிமுகமானவர் முன் வாயைத் திறக்க என்னால் முடியவில்லை. வாயின் ஆறு பகுதிகளில் நான்கு நல்லது. கீழ்ப் பின்வரிசை இரண்டு பக்கமும் குறியீடு 3. இரவில் இடைப்பல் தூரிகை பாவிக்கவேண்டுமாம், துலக்கிய பின் துப்பவேண்டும், தண்ணீரால் கொப்பளிக்கக் கூடாதாம். மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மீள்பதிவு பற்றிய கேள்விகள் உள்ளவர்கள் தமிழ்ப் பள்ளி நடக்கும் சனிக்கிழமைகளில் மண்டப வாசலில் இருக்கும் மருத்துவப் பக்கப் பெட்டியில் எழுதிப் போடலாம். தன்னிடம் நேரில் பேச விரும்பும் பெண்களுக்கு, பிள்ளைகள் வகுப்பு முடிந்து வரும்வரை தேநீர் மேசைப் பக்கம் நிற்பேன் என்று சகோதரி சொல்லியிருக்கிறார்.